எந்த மேகம்

உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கை ஒட்டிய கார் நிறுத்துமிடம்,
கூரையில்லாத ஏழாம் தளம். பிப்ரவரி.
வடக்கே ஜொகூரின் விளக்குகள், தெற்கே நம்முடையவை.
இரண்டுக்கும் போக மிஞ்சிய வானம்
ஆறிய தே தாரிக் நிறத்தில்.

பத்து மணிக்கு அது உச்சிக்கு வரும்.
இந்தத் தீவில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை,
குழாயை நட்டுக்குத்தலாய் நிறுத்தினால் போதும்,
கிணற்றைக் கவிழ்த்து வைத்து எட்டிப் பார்ப்பதுபோல்.
(நூற்றெண்பது வெள்ளி. பாசிர் ரிஸில் வீடு மாறிய ஒருவர் விற்றது.
கண்ணாடியின் ஓரத்தில் பூஞ்சை.)

திருவாதிரையில் தொடங்கி
மூன்று மீன்களின் கச்சையைத் தாண்டினால்
ஒரு வெளிறல்.
அடுத்த ஆர்டருக்குக் காத்திருந்த அஸ்ஹாரி
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தான்.
"அசாப்" என்றான்.
புகைதான் என்றேன்.
"யார் வீட்டில் தீ?"
நான் வாய் திறப்பதற்குள் அவன் கைபேசி கத்தியது.
எண்ணூற்று ஏழாம் புளோக்குக்கு
இரண்டு நாசி லெமாக்.

பகலில் நான் சிலிக்கான் தகடுகளுக்குக் காவல்.
தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, கண் மட்டும் வெளியே.
ஒரு கன அடிக் காற்றில் ஒரு துகள் வரை பொறுப்போம்.
இரண்டானால் மணி அடிக்கும்.
"யார் முகத்தில் பவுடர்?" என்று வருவார்
மேற்பார்வையாளர் செங் ஹுவாய்.
தூசி என்றால் எங்களுக்குக் குற்றம்.
அதற்குத் தேதி, நேரம், சந்தேகத்துக்குரியவரின் பெயர்,
எல்லாம் உண்டு.

அங்கேயோ அதே அளவுத் துகள்கள்
கூடி, சரிந்து, நெருங்கி,
உள்ளே ஏதோ ஒன்று எரியத் தொடங்குகிறது.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில்
காகிதக் கைத்துடைப்பில் கணக்குப் போட்டேன்.
அந்த மேகத்தில் ஒரு கன அடியை வெட்டிக் கொண்டுவந்தால்
எங்கள் அறையின் சோதனையில் தேறிவிடும்.
ஆயிரக்கணக்கில் துழாவினால்தான்
ஒரு துகள் அகப்படும்.
இத்தனை இல்லாமையா
ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறது?
மறைக்கிறது. தூரம் அப்படி.
இல்லாமையும் அடுக்க அடுக்கச் சுவராகும்.

வெளிறலின் ஓரத்தில் நான் பின்தொடரும் மீன்
தன் தூசியை இன்னும் உதறி முடிக்காதது.
சில வாரம் ஒளிரும். சில வாரம் மங்கும்.
மங்கினால் கேள்வி ஒன்றுதான்:
எந்த மேகம்?
நம்முடையதா, அதனுடையதா?

விடை அக்கம்பக்கத்தில் கிடைக்கும்.
பக்கத்து மூன்றும் சேர்ந்து மங்கினால் நம்முடையது,
நீரிணைமேல் நகரும் மெல்லிய பஞ்சு.
மூன்றும் அப்படியே நிற்க
இது மட்டும் வாடினால்,

பதினோராம் தேதி வாடியது.
மூன்று முறை பார்த்தேன். கண்ணை மூடி
இருட்டுக்குப் பழக்கி நான்காவது முறை.
பக்கத்து மூன்றும் அசையவில்லை.
ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்
ஒரு தூசித் திரை அதன் முகத்தைக் கடந்து போயிருக்கிறது.
யாரிடம் சொல்வது?
கீழ்த்தளத்தில் யாரோ காரைப் பூட்டினார்கள்,
அந்த ஒலி மட்டும், இரண்டு முறை.
நேற்று பத்தரை, இன்று பதினொன்றே கால் என்று குறித்தேன்.
(எண் கூடினால் ஒளி குறைவு. இந்தக் கணக்கே தலைகீழ்.)
பக்கத்தில் 'அதனுடையது'. அடிக்கோடு.

காலை ஏழரைக்குக் காற்றுக் குளியல்.
கைகளை உயர்த்தி மெல்லச் சுற்ற வேண்டும்.
இருபது விநாடி, எல்லாப் பக்கமும் காற்று அறையும்.
என்னிடமிருந்து பறந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை.
பச்சை விளக்கு. கதவு.

பன்னிரண்டாம் தேதி எட்டு மணிக்கே இடி.
படிக்கட்டின் கூரைக்கடியில் அஸ்ஹாரி,
முழங்கால்வரை நனைந்து.
"இன்றைக்கு அசாப் இல்லையா?"
இல்லை, ஹுஜான் என்றேன்.
சிரித்தபடி பிளாஸ்டிக் மழையங்கியை உதறினான்,
என் குறிப்பேட்டின் மேலேயே.

ஈரத்தில் பேனா வழுக்க எழுதியது:
மீன் தெரியவில்லை.
பக்கத்து மூன்றும் தெரியவில்லை.
மேகம், நம்முடையது.